கடமை: ஒரு சொல்லின் சமூக வரலாறு

சொற்களின் பொருள் மாற்றத்தை ஆராய்தல் மொழியியலாளரின் பணியெனில், அம்மாற்றத்துக்கு ஏதுவாயமைந்த சமூக உறவுகளை ஆராய்தல் வரலாற்று மாணவரின் பணியாகும். 'கடமை' என்னும் சொல் அத்தகைய ஆய்வுக்கு உரியது. இன்று இச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது ஓர் அறக்கருத்து. பெற்றோர்க்குப் பிள்ளைகளும், மாணவர்க்கு ஆசிரியரும், நாட்டுக்குக் குடிகளும் ஆற்றவேண்டியது கடமை என்கிறோம். ஆயின் பிற்காலச் சோழராட்சியின்கீழ் வாழ்ந்த உழவன் ஒருவனுக்கு இச்சொல் களத்து நெல்லையும் அதனை அளந்து செல்ல வரும் அதிகாரியையுமே நினைவூட்டியிருக்கும். ஏனெனில் அக்காலச் சாசனங்களிற் கடமை என்பது நிலவரியின் பெயராகும்.

கடமை, கடன் ஆகிய இரண்டும் ஒரே அடியினின்றும் பிறந்தவை. சங்க இலக்கியத்திற் கடன் என்பது ஒருவர் செய்தே ஆகவேண்டியதனைச் சுட்டும். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் உரிய பணியை வகுத்துரைக்கும் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டு இதற்குத் தக்க சான்று. அங்கு வேந்தனுக்கும் கடன் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. சாசனங்களில் வரும் கடமையோ ஒரு திசையில் மட்டுமே செல்வது. குடியிடமிருந்து மேலே செல்வது.

சோழராட்சியின் முற்பகுதியில் நிலவரியைக் குறிக்கப் பெருவழக்காயிருந்த சொல் 'இறை' என்பதாகும். 1070இல் அரியணையேறிய முதலாம் குலோத்துங்கனின் காலத்துக்குப் பின்னர்க் கடமை என்னும் சொல் மேலோங்குகின்றது. பாண்டியர் சாசனங்களிற் கடமை, அந்தராயம், விநியோகம் என அடுக்கிவரும் தொடர் நன்கு அறியப்பட்டது. நொபொரு கரசிமா, எ. சுப்பராயலு முதலியோர் வரிச்சொற்களைக் காலவாரியாகவும் இடவாரியாகவும் தொகுத்து ஆராய்ந்ததன் பயனாகவே இத்தகைய மாற்றங்களை நாம் தெளிவாகக் காண முடிகின்றது. தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம், ஈழம்பூட்சி என நெசவாளர், வாணிகர், தட்டார், கள்ளிறக்குவோர் ஆகிய எவரையும் விட்டுவைக்காத அவ்வரிகளிடையே, நிலத்தின் விளைச்சலைத் தொட்ட கடமையே தலையாயது.

சொல்லோடு சேர்ந்து வரும் வினையும் கவனத்துக்குரியது. இன்று நாம் கடமையைச் செய்கிறோம், அல்லது ஆற்றுகிறோம். சாசனங்களிற் குடிகள் கடமையை 'இறுக்கின்றனர்', அதாவது செலுத்துகின்றனர். செலுத்தப்படும் பொருளுக்கு அளவுண்டு, பெறுபவர் உண்டு, செலுத்தத் தவறினால் விளைவும் உண்டு. முதலாம் இராசராசனின் உக்கற் சாசனம் அவ்விளைவினை வெளிப்படையாகக் கூறுகின்றது. அவனது ஆட்சியின் 16ஆம் ஆண்டு முதல் 23ஆம் ஆண்டு வரையிலான காலத்துக்குரிய இறையை இரண்டு முழு ஆண்டுகள் செலுத்தாதோரின் நிலத்தை ஊரார் விற்கலாம் என்பது அவ்வாணை. நிலத்தை இழக்கும் அச்சமே அன்றைய வரிக்குப் பின்னணியாயிருந்தது.

இவ்வாறு அதிகாரத்தின் கோரிக்கையைக் குறித்த சொல் அறத்தின் பெயராக மாறியது எவ்வாறு? இம்மாற்றத்திற் கோயிலுக்கு முக்கிய பங்குண்டு என நாம் கருதுகிறோம். அரசன் ஊரொன்றைத் தேவதானமாக்கியபோது குடியின் சுமை நீங்கிவிடவில்லை. அரசனுக்குச் சென்றது கோயிலுக்குச் சென்றது. தஞ்சைப் பெரியகோயிலுக்கு ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயும் ஒதுக்கப்பட்டமையை அக்கோயிற் சாசனங்களே கூறும். இறை என்னும் சொல் அரசனையும் கடவுளையும் வரியையும் ஒருங்கே குறித்தது தற்செயலன்று. வரி இறுத்தல் வழிபாட்டோடு இணைந்துவிட்டபோது அதனை மறுத்தல் பாவமாகவும் தோன்றலாயிற்று.

இருப்பினும் குடிகள் இதனை என்றும் மௌனமாக ஏற்றனர் என எண்ணுதல் தவறாகும். விருத்தாசலம், கொறுக்கை ஆகிய இடங்களிலுள்ள 1429ஆம் ஆண்டுச் சாசனங்கள், வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் இழைத்த கொடுமைகளுக்கெதிராக உறுதி பூண்டமையையும், தாம் எவ்வளவு இறுப்பது என்பதைத் தாமே வரையறுத்தமையையும் காட்டுகின்றன. கோரிக்கையின் அளவை அதனைச் செலுத்துவோரே தீர்மானிக்க முற்பட்டமை தமிழக வரலாற்றில் அரியதொரு நிகழ்வாகும்.

சாசனங்களிற் கடமையோடு உடன்வரும் வேறிரு சொற்களின் போக்கினை இதனோடு ஒப்பிடுதல் பயனுடையது. 'குடிமை' என்பது குடிகள்மீது சுமத்தப்பட்டது. யாழ்ப்பாணச் சமூக வழக்கில் இச்சொல், வேளாளர் குடும்பங்களுக்குப் பரம்பரையாகத் தொழில்செய்யக் கட்டுப்பட்ட சாதியினரைக் குறித்தது. வரியின் பெயர் மனிதரின் பெயராயிற்று. 'வெட்டி' என்பது ஊதியமற்ற கட்டாய உழைப்பு. வடமொழியின் 'விஷ்டி' என்பதன் திரிபாகிய இச்சொல், சோழர் சாசனங்களில் மிகுதியாக வரும் வரிச்சொற்களுள் ஒன்று. இன்றோ பயனற்ற வேலையை வெட்டிவேலை என்கிறோம். ஆள்வோர் வழக்கிற் கடமை உயர்ந்தது. உழைப்போர் வழக்கில் வெட்டி இழிந்தது. தமக்குப் பயன்தராத உழைப்பைப் பற்றி மக்கள் வழங்கிய தீர்ப்பாகவே இப்பொருள் மாற்றத்தை நாம் கொள்ளலாம். தெலுங்கானாவில் 1946 முதல் 1951 வரை நடைபெற்ற உழவர் போராட்டம் எதிர்த்த கொடுமைகளுள் ஒன்றும் இதே பெயருடைய 'வெட்டி' என்பது இங்கு நினைக்கத்தக்கது.

நமது நாட்டிற் கடமைக்கு இணையான வரலாற்றையுடைய சொல் 'இராசகாரியம்' ஆகும். அரசனின் காரியம் என்னும் பொருளுடைய அது, சிங்கள அரசுகளில் நிலவுடைமையோடு பிணைந்த கட்டாய ஊழியமாயிருந்தது. ஆங்கிலேயரும் அதனைக் கைவிடவில்லை. தேசாதிபதி பான்ஸ் காலத்திற் கொழும்பு–கண்டி வீதி அமைக்கப்பட்டபோது இவ்வூழியமே பயன்பட்டது. கோல்புறூக்கின் சிபாரிசுக்கமைய 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் பதினாறு ஆண்டுகளின் பின், 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிகளில் உழைக்கவேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. இன்றைய சிங்கள வழக்கில் இராசகாரியம் என்பது உத்தியோகக் கடமையையே குறிக்கின்றது. ஒரே தீவின் இரு மொழிகளும், கட்டாயத்தின் பெயரைப் பொறுப்பின் பெயராக்கியதில் ஒத்துநிற்கின்றன.

இச்சொல்லின் பழைய பொருள் முற்றாக மறைந்துவிட்டது எனவும் கூறமுடியாது. இந்திய அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டது 1976இல், அவசரநிலைக் காலத்திலாகும். நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரையும் அடிப்படைக் கடமைகளைக் கூறி, உரிமைகளைத் துய்ப்பது அவற்றினின்றும் பிரிக்கமுடியாதது என்கின்றது. 1980 யூலை வேலைநிறுத்தத்தின்போது கடமைக்குச் சமுகமளிக்காத ஆயிரக்கணக்கான ஊழியர் பதவியைக் கைவிட்டோராகக் கருதப்பட்டனர். இறுக்கத் தவறியவரின் நிலம் அன்று பறிக்கப்பட்டது. சமுகமளிக்கத் தவறியவரின் தொழில் இன்று பறிக்கப்பட்டது.

சமூகம் எதுவாயினும் அதன் உறுப்பினர்க்குப் பொறுப்புகள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் பொறுப்பு என்பது ஒருவருக்கொருவர் ஆற்றுவது. இறை என்பது ஒருவர் கோர மற்றவர் செலுத்துவது. கடமை என்னும் சொல் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கிக்கொண்டு, கோருபவரை நம் கண்ணினின்றும் மறைத்துவிடுகின்றது. சாசனங்கள் இவ்வகையில் நம்மினும் வெளிப்படையானவை. யார், யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பவற்றை அவை கல்லிற் பொறித்து வைத்தன. கடமையின் பெயரால் எழும் ஒவ்வொரு கோரிக்கையின் முன்னும் அந்நான்கு வினாக்களையும் எழுப்புதல், வரலாற்றைக் கற்றோர் செய்யவேண்டிய முதற்பணியாகும்.