சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம்: ஆசிரியர்களும் மாணவர்களும்

மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் பிரிக்கும் வாவியின் கிழக்குக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இந்நிறுவகம் அமைந்துள்ளது. இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இது இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலை ஆகியவற்றில் பட்டப்படிப்பு வழங்குகிறது. வடக்கே வெருகலை அண்டிய வாகரை முதல் தெற்கே அம்பாறைக் கரையோர ஊர்கள் வரை, கலையைப் பட்டப்படிப்பாகக் கற்க விரும்பும் கிழக்கிலங்கைத் தமிழ் மாணவருக்குப் பக்கத்தில் உள்ள நிறுவனம் இதுவே. மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள்.

நிறுவகம் தாங்கியுள்ள பெயருக்கும் கல்லடிக்கும் உள்ள தொடர்பு பழையது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தர் ஆனார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராயும் ‘மதங்க சூளாமணி’ 1926இல் வெளிவந்தது. பழந்தமிழரின் யாழையும் பண்ணையும் கணக்கிட்டு மீட்டெடுக்க முயன்ற ‘யாழ் நூல்’ 1947 ஜூனில், அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவருடைய சமாதியும் கல்லடியிலேயே உள்ளது. இசை, நாடகம் இரண்டையும் ஆராய்ச்சிக்குரிய துறைகளாக எடுத்துக்கொண்ட ஒருவரின் பெயர் இந்நிறுவகத்துக்குப் பொருத்தமாகவே வாய்த்தது.

நிறுவகத்தின் முதல் வடிவம் 1982இல் தொடங்கப்பட்ட விபுலானந்த இசை நடனக் கல்லூரி. மட்டக்களப்பின் நீண்டகால நாடாளுமன்ற உறுப்பினரும் அப்போதைய பிரதேச அபிவிருத்தி அமைச்சருமான செல்லையா இராசதுரையின் முயற்சியால் அது உருவானது. கர்நாடக இசையும் பரதநாட்டியமுமே அங்கு முதன்மைப் பாடங்கள். அங்கு பயின்றவர்களுக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. இருந்தும், யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போக வசதியில்லாத கிழக்கு மாகாணப் பெண்பிள்ளைகளுக்கு முறையான இசை, நடனப் பயிற்சியைப் பக்கத்திலேயே பெற அது வழிசெய்தது. இப்பகுதிப் பாடசாலைகளின் இசை, நடன ஆசிரியைகள் பலர் அக்கல்லூரியில் பயின்றவர்கள்.

அக்கல்லூரி தொடங்குவதற்கு முந்திய ஆண்டில், வாவியின் மறுபுறம், நகருக்கு வடக்கே வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பித்திருந்தது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் பேராசிரியர் சி. மௌனகுரு அங்கே நுண்கலைத் துறையைக் கட்டியெழுப்பினார். கல்லடி இசை நடனக் கல்லூரி 2000களின் முற்பகுதியில் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுப் பின் நிறுவகமானது. இன்றைய நிறுவகத்தில் இரு மரபுகள் சேர்ந்துள்ளன. ஒன்று சபா மேடையின் செவ்வியற் கலை. மற்றது ஊரின் ஆடுகளமான களரியில் ஆடும் கூத்து.

கூத்து பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதை இன்னும் பழையது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள அரங்கைப் புரட்டிப்போட்டது. தமிழரும் தம் மரபு அரங்கிலிருந்து புதிய நாடகத்தை ஆக்க முடியும் என்ற எண்ணம் அதையடுத்து வலுத்தது. பேராதனையில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைத் தேடி ஊரூராகச் சென்றார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். மாணவருக்கு ஆட்டம் பழக்க வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் அழைக்கப்பட்டார். கையெழுத்து ஏட்டையும் மத்தளத்தையும் கொண்டு ஊரில் இளைஞரைப் பழக்கிவந்த ஒருவர் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசிரியரானது தமிழ்க் கலைக்கல்வியில் பெரிய திருப்பம். இந்நிறுவகத்தின் ஆசிரியர் பரம்பரையை அவரிலிருந்து தொடங்குவதே நியாயம்.

கூத்து ஆசானான அண்ணாவியார் கற்பிக்கும் முறை வகுப்பறை முறைக்கு முற்றிலும் வேறானது. கூத்தாட ஊர் தீர்மானித்ததும் பாத்திரங்களுக்கு ஆள் தெரிந்து ‘சட்டம் கொடுப்பார்கள்’. அவரவருக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏடு கைக்கு வரும். பின்னர் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். களரி நடுவில் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்ல, கூத்தர் அவரைச் சுற்றி ஆடிப் பழகுவார். ஆட்டம் காலில் ஏறியதும் சதங்கை அணி விழா நடக்கும். அதற்குப் பின்பே அரங்கேற்றம். கூத்தின் இரு வகைகளுள் வடமோடியில் போரும் வீரமும் மிகுந்திருக்கும், தென்மோடியில் காதலும் மணமும். இரண்டுக்கும் ஆட்டம், தாளம், உடுப்பு எல்லாமே வேறு. எழுதிப் படிக்கும் பாடத்திட்டத்துக்குள் இதை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வி இந்நிறுவகத்தின் நாடக ஆசிரியர்களைத் தொடர்ந்து வேலைவாங்கி வந்திருக்கிறது.

அதற்கு முதலில் விடை தேடியவர் மௌனகுரு. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1943இல் பிறந்து வந்தாறுமூலையில் பயின்றவர். பேராதனையில் வித்தியானந்தனின் மாணவராகி ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிப் பெயர் பெற்றார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய அவரது முனைவர் பட்ட ஆய்வு கூத்தின் ஆட்டம், பாடல், உடை, சமூகப் பின்னணி ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவுசெய்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டுக் கிழக்குக்குத் திரும்பினார். உலக நாடக தினத்தை ஒட்டி அங்கே நடந்த நாடக விழாக்கள் மாணவருக்கு ஆண்டுதோறும் மேடை கொடுத்தன. கூத்தாட்டத்தையும் நவீன அரங்கின் ஒளி, ஒலி, காட்சி உத்திகளையும் சேர்த்து, இரவு முழுவதும் ஆடும் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் இறுக்கித் தருவது அவர் வழி. ‘இராவணேசன்’ அவர் கையில் புது வடிவில் மீண்டும் மேடையேறியது. ஓய்வுக்குப் பின் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடத்தை நடத்தி, பல்கலைக்கழக மாணவரையும் வெளி இளைஞரையும் ஒன்றாகப் பழக்கினார்.  

இரண்டாவது விடை பேராசிரியர் சி. ஜெயசங்கருடையது. யாழ்ப்பாணத்தவரான இவர் நீண்டகாலம் நாடக விரிவுரையாளராகவும் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் பணியாற்றினார். கூத்தை மேடைக்குக் கொண்டுவருவதைவிட, ஆராய்ச்சியாளரே களரிக்குப் போகவேண்டும் என்பது அவர் நிலை. மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில் 2000களின் தொடக்கத்தில் ஊர்க் கூத்தரோடு சேர்ந்து அவர் தொடங்கிய வேலை ‘கூத்து மீளுருவாக்கம்’ எனப்படுகிறது. கூத்துப் பனுவலில் பெண்ணைத் தாழ்த்தியும் சாதியை உயர்த்தியும் பேசும் இடங்களை அண்ணாவியாரும் கூத்தரும் ஊராரும் கூடியிருந்து விவாதித்தனர். மாற்ற வேண்டியவற்றை அவர்களே மாற்றி, அதே வட்டக் களரியில் ஆடினர். சிறுவர் கூத்தும் இதிலிருந்து வளர்ந்தது. ‘மூன்றாவது கண்’ உள்ளூர் அறிவுச் செயற்பாட்டாளர் குழு இவ்வேலையை வளாகத்துக்கு வெளியே தொடர்ந்தது.

இவ்விரு வழிகளையும் பற்றி ஈழத்து அரங்கியலாளரிடையே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. சுருக்கி மேடையேற்றும்போது கூத்து அதன் ஊரை இழக்கிறது என்பது ஒரு தரப்பு. கூத்தை அறியாத பார்வையாளரிடம் அதைச் சேர்த்தது மேடைதான் என்பது மறுதரப்பு. கூத்தாடும் ஊர் இருக்கும்வரை ஜெயசங்கரின் வாதத்துக்கே வலு அதிகம். மேடைக்கூத்து ஆட்டத்தைக் காட்டும். ஆடுபவரை உருவாக்குவது களரி. ஆனால் மௌனகுருவின் மேடை இல்லையேல் இந்த விவாதமே பல்கலைக்கழகத்துக்குள் எழுந்திராது.

போர்க்காலத்தின் பாதிப்பு ஆசிரியர்களையும் தொட்டது. திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த கலாநிதி க. பாலசுகுமார் நுண்கலைத் துறை ஆசிரியராக இருந்து கலைப்பீடாதிபதி ஆனவர். 2006 செப்டம்பரில் அவர் கடத்தப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் பதவி விலகவேண்டும் என்பது கடத்தியவர்களின் கோரிக்கை. பாலசுகுமார் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 15இல் கொழும்பில் காணாமற்போன ரவீந்திரநாத் திரும்பி வரவேயில்லை. கல்லடிக் கரையோரம் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் கடற்கோளில் சிதைந்திருந்தது. அக்காலத்தில் இங்கு படித்த மாணவர்கள் பலர் அகதி முகாமிலிருந்து வகுப்புக்கு வந்தவர்கள்.

வாகரை கடற்கோள், போர் ஆகிய இரு அழிவுகளையும் முழுமையாகக் கண்டது. கடற்கோளுக்குப் பின் எழுந்து நிற்கத் தொடங்கிய ஊர்கள் 2006 இறுதியிலும் 2007 ஜனவரியிலும் போரால் மீண்டும் இடம்பெயர்ந்தன. கலைக்கல்வி நோக்கில் வாகரையின் இடம் தனியானது. வாகரை அமைந்துள்ள கோறளைப்பற்று வடக்கின் கடலோரத்திலும் உட்காட்டிலும் வாழும் கரையோர வேடர் இன்று தமிழ் பேசுகிறார்கள். ஆண்டுச் சடங்கில் அவர்கள் பாடும் பாடல்களில் பழைய வேடர் மொழிச் சொற்கள் எஞ்சியுள்ளன. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ‘வேடர்’ நூலில், கடல்கடந்து கப்பலில் வந்த ‘கப்பல் பேய்’க்குக் கரையோர வேடர் எடுக்கும் சடங்கு விவரிக்கப்பட்டுள்ளது. பாட்டும் ஆட்டமும் உருவேறுதலும் ஒன்றாகவே நடக்கும் இச்சடங்குகள், நாடகமும் அரங்கியலும் பயில்வோருக்குக் கூத்துக்கு முந்திய அரங்கை நேரில் காட்டுகின்றன.

கட்புலக் கலைத் துறையின் வளர்ச்சி பிந்தியது. ஆனால் வெளியுலகம் அதிகம் அறிந்த பெயர்கள் ஓவியர்களுடையவை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற சுசிமன் நிர்மலவாசன் ஓவியத்தோடு அரங்கிலும் இயங்குபவர். போரில் எஞ்சிய குடும்பங்கள், காத்திருக்கும் பெண்கள், முள்வேலிக்குள் வாழ்க்கை ஆகியவை அவர் படைப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை கொழும்பிலும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அரங்கிலும் இயங்குபவரின் ஓவியத்தில் மனித உடல் அசைவோடு இருப்பது வியப்பன்று.

நிறுவகத்துக்கு அனுமதி பெற உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையில் பாடியோ ஆடியோ வரைந்தோ காட்டவேண்டும். அழகியற் பாடங்களைக் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்தவர் இதில் பின்தங்குகிறார். வாகரை போன்ற தூரப் பிரதேசங்களின் பிள்ளைகளுக்கு இது உண்மையான தடை. பட்டம் பெற்றவர்களில் ஓவியராகவோ நாடக நெறியாளராகவோ பெயர் வெளிவந்தோர் மிகச் சிலர். மற்றவர்களில் பலர் இசை, நடனம், நாடகம், சித்திரம் ஆகிய பாடங்களுக்கு அரச பாடசாலை ஆசிரியர்களாகிறார்கள். அந்நியமனத்துக்காகப் பட்டதாரிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. வாகரையிலும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அடுத்த உளச்சார்புப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்த வேண்டியவர்கள் இந்தப் பட்டதாரிகளே.