சீனக்குடாவின் கோல்ஃப் திடலும் திருமலைக் கல்லூரிகளும்

திருகோணமலைத் துறைமுகத்தின் சீனக்குடாப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் திடல் உள்ளது. பெயர் 'ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ்'. நடத்துவது சிறிலங்கா விமானப்படை. இந்த விளையாட்டு பிரித்தானியரோடு வந்தது. கொழும்புக் கழகம் 1879 இலும் நுவரெலியாக் கழகம் 1889 இலும் தொடங்கின. திருமலைத் தளத்தை அவர்கள் 1957 இல் கையளித்தார்கள்.

கோல்ஃப் நிலத்தைத் தின்னும் விளையாட்டு. 18 குழிகள் கொண்ட திடலுக்குப் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, 2015 வரை தம் காணிக்காகக் காத்திருந்த மாவட்டத்தில் இந்தக் கணக்கு உறுத்தவே செய்யும்.

ஆட்கள் மட்டும் அதிகம் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் வழமையாக ஓர் அணிக்கு ஐவர். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நால்வரின் அடிகளே கூட்டப்படும். குறைந்த மொத்தம் வெல்லும். அதனால் அங்கே சிறு கல்லூரிகள்கூட ஆண்கள் அணி, பெண்கள் அணி என இரண்டையும் வைத்திருக்கின்றன. பெண்களுக்கும் அதே திடல், அதே விதிகள்தான். முதல் அடி அடிக்கும் இடம் குழிக்குச் சற்றுக் கிட்ட இருக்கும், அவ்வளவே.

திருமலையில் ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் எல்லாம் இருக்கின்றன. பத்துப் பேர் சேர்ந்தால் இரு அணிகள். மட்டைகள் விலை கூடியவை. பயிற்சிக்குப் பகிர்ந்து கொள்ளலாம். ஆனால் படையினர் நடத்தும் திடலுக்குப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்களா? 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட ஊர் இது.