உடைந்த முகம், கரையும் முகம்

நவீன உருவப்படத்தில் முகம் சிதைந்திருந்தால் 'வேதனை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எது சிதைந்தது, எது சிதையாமல் விடப்பட்டது என்று பார்த்தால்தான் உணர்ச்சி பிடிபடும். பிக்காசோவின் 'அழும் பெண்' (1937), பிரான்சிஸ் பேக்கன் 1953இல் தீட்டிய போப் ஓவியம் இரண்டும் இதற்கு நல்ல சான்றுகள்.

1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா நகர்மீது ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. அந்தத் தாக்குதலைத் தீட்டிய 'குவெர்னிகா' ஓவியத்தை முடித்த பின்னும் பிக்காசோவின் தூரிகையை அழும் பெண்கள் விடவில்லை. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள இந்தப் படம் அக்டோபரில் பிறந்தது. முகத்துக்கு மூலம், 'குவெர்னிகா' உருவானதைப் படிப்படியாகப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் டோரா மார். தொப்பியும் அதன் பூவும் குலையவில்லை. வாரிய கூந்தலும் படிந்தே இருக்கிறது. மஞ்சளும் பச்சையுமான முகத்தின் நடுவில் மட்டும் நிறம் வற்றி, பற்களும் விரல்களும் கைக்குட்டையும் கண்ணாடிச் சில்லுகளாய் நொறுங்குகின்றன. வெளியே கிளம்ப உடுத்திக்கொண்டவளிடம் சாவுச் செய்தி வந்து சேர்ந்த கணமாகவே இதைப் படிக்கிறேன்.

பேக்கனுக்கு மூலம் இன்னொரு ஓவியம்: 1650இல் வெலாஸ்கஸ் தீட்டிய போப் பத்தாம் இன்னசென்டின் உருவப்படம். அங்கே கூர்ந்த பார்வையோடு அமர்ந்திருக்கும் போப், இங்கே அலறுகிறார். அந்த வாய்க்கு, 'போர்க்கப்பல் பொடெம்கின்' (1925) திரைப்படத்தில் வரும் தாதியின் அலறல் ஒரு தூண்டுதல். பிக்காசோ எதை உடைத்தாரோ அதை மட்டும் பேக்கன் காப்பாற்றுகிறார். வாய் தெளிவாகத் திறந்திருக்க, திரைபோல இறங்கும் நெடுங்கோடுகள் கண்களையும் உடலையும் அழிக்கின்றன. அதிகாரத்தின் இருக்கையே கூண்டாகிறது.

பிக்காசோவின் கறுப்புக் கோடுகள் சில்லுகளைச் சேர்த்துப் பிடிக்கின்றன. நொறுங்கியும் அவள் ஒருத்தியாகவே இருக்கிறாள். பேக்கனின் வீச்சுகள் ஆளைக் கரைத்து, அலறலை மட்டும் மிச்சம் வைக்கின்றன. சுமார் 60 செ.மீ. உயரமே உள்ள முதல் படம் நம்மை அருகில் அழைக்கிறது; 153 செ.மீ. உயரமுள்ள இரண்டாவது நம்மைப் பின்வாங்க வைக்கிறது.

1927இல் பாரிஸில் பிக்காசோவின் படைப்புகளைப் பார்த்த பிறகே ஓவியத்தின் பக்கம் திரும்பியவர் பேக்கன். ஆயினும் இருவரும் சென்ற திசை வேறு. அழும் பெண்ணின் முன் நின்றால், 'இதைச் செய்தது யார்?' என்ற கேள்வி எழுகிறது. அதற்கு வரலாற்றில் பதிலும் உண்டு. போப்பின் அலறலுக்கு ஓவியம் காரணம் எதுவும் தருவதில்லை. அதனால் அந்தப் பயத்துக்கு நாமே காரணம் தேடவேண்டியிருக்கிறது. முதல் சிதைவு நீதி கேட்கிறது. இரண்டாவது, பார்ப்பவரையே விசாரிக்கிறது.