சி. கே. ரங்கநாதன்

சி. கே. ரங்கநாதன் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழில் முனைவோர் ஆவார். சென்னை தேனாம்பேட்டை செனடாப் சாலையில் தலைமையகம் கொண்ட கெவின்கேர் நிறுவனத்தை நிறுவியவர் இவரே. குடும்பத் தொழிலில் சம்பளம் பெற்றுப் பணியாற்றிய இவர், 1983-ஆம் ஆண்டு அதிலிருந்து விலகி, சேமிப்பாக இருந்த 15,000 ரூபாயை முதலாகக் கொண்டு தனித்தொழில் தொடங்கினார். வேலையை விட்டுச் சிறுதொழில் தொடங்குவது பற்றிப் பேசப்படும்போது இவரது விலகல் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பின்னணி

ரங்கநாதன் கடலூரைச் சேர்ந்தவர். உடன்பிறந்தோர் ஆங்கில வழியில் படிக்க, படிப்பில் பின்தங்கியிருந்த இவர் தமிழ் வழிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். சிறு வயதில் புறாக்களையும் மீன்களையும் வளர்த்து விற்று, தம் கைச்செலவுக்குப் பணம் ஈட்டினார்.

இவரது தந்தை சின்னி கிருஷ்ணன், கூலித் தொழிலாளர்களும் வாங்கும் விலையில் பொருட்கள் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் கொண்டவர். தகர டப்பாக்களில் விற்கப்பட்ட முகப்பூச்சு மாவையும், 100 கிராம் பொதிகளில் வந்த பேதியுப்பையும் இவர் சிறு பொதிகளாக்கி விற்றார். சாம்பு போன்ற நீர்மங்களையும் சிறு உறைகளில் அடைக்கலாம் என்பதை முன்கூட்டியே கண்டவர்களுள் இவரும் ஒருவர். இவர் மறைந்த பின், மூத்த மகன்கள் 'வெல்வெட்' என்னும் பெயரில் உறைச் சாம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

விலகும் முடிவு

கல்லூரிப் படிப்பை முடித்த ரங்கநாதன் 1982-இல் அண்ணன்களின் நிறுவனத்தில் சேர்ந்தார். கருத்து வேறுபாடு காரணமாக ஓராண்டுக்குள்ளேயே விலகினார். சொத்திலோ தொழிலிலோ பங்கு வேண்டாம் எனக் கூறி வீட்டை விட்டு வெளியேறினார். இதனால் திரும்பிச் செல்லும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டார் எனலாம்.

வெளியேறிய பின் ஒரு வாரம் வரை என்ன தொழில் செய்வது என்று இவரால் முடிவு செய்ய இயலவில்லை. இவர் அறிந்தவை இரண்டே: சாம்பு தயாரித்தல், வளர்ப்பு உயிரினங்களைப் பேணுதல். சாம்பு தயாரித்தால் அண்ணன்களுடனேயே போட்டியிட நேரும் என்பதால் முதலில் தயங்கினார். எனினும் தெரிந்த தொழிலையே செய்ய முடியும் என்ற நிலையில் இறுதியில் சாம்பையே தேர்ந்தெடுத்தார்.

முதலீட்டுக் கணக்கு

பேட்டிகளில் இவர் தந்துள்ள விவரங்களின்படி தொடக்கச் செலவுகள் பின்வருமாறு:

வீடும் அலுவலகமுமான இடம்: வாடகை 250 ரூபாய், முன்பணம் 1,000 ரூபாய்
தொழிற்கூடம்: வாடகை 300 ரூபாய், முன்பணம் 1,200 ரூபாய்
உறையில் அடைக்கும் இயந்திரம்: 3,000 ரூபாய்

இவற்றின் கூட்டுத்தொகை 5,750 ரூபாய். அதாவது, கையிருப்பில் பாதிக்கும் மேலான தொகை மூலப்பொருள் வாங்கவும் நாள்தோறும் எழும் செலவுகளுக்கும் எஞ்சியது. மாதந்தோறும் கட்டாயம் கொடுக்க வேண்டிய வாடகை 550 ரூபாய் மட்டுமே. புதிதாகத் தொடங்கும் பல சிறுதொழில்கள் இடத்துக்கும் இயந்திரத்துக்கும் முதல் முழுவதையும் செலவிட்டு, நடைமுறை மூலதனம் இன்றி முடங்குவதுண்டு. அவ்வகையில் இக்கணக்கு கவனிக்கத்தக்கது.

பிணை ஏதும் இல்லாததால் வங்கிக் கடன் பெற இவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. முதலில் கிடைத்த கடன் 25,000 ரூபாய். பிணை இல்லாவிடினும் இவர் வருமான வரி செலுத்துபவர் என்பதை வங்கி மேலாளர் தம் குறிப்பில் சுட்டிக்காட்டியதாக ரங்கநாதன் கூறியுள்ளார்.

வளர்ச்சி

தந்தையின் பெயரின் முதலெழுத்துகளை நினைவூட்டும் வகையில் சாம்புக்கு 'சிக்' எனப் பெயரிடப்பட்டது. தென்னக ஊர்களில் பையன்களை அமர்த்தி, மக்கள் முன்னிலையில் தலைக்குத் தேய்த்துக் காட்டிப் பயன்பாடு விளக்கப்பட்டது. எந்த நிறுவனத்தின் உறையாயினும் ஐந்து வெற்றுறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் உறை இலவசம் என அறிவிக்கப்பட்டது. பின்னர் சிக் உறைகள் மட்டுமே ஏற்கப்பட்டன. இத்திட்டத்தால் மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. மல்லிகை, ரோசா மணங்களில் சாம்பு வெளிவந்த பின் விற்பனை மேலும் பெருகியது.

ரங்கநாதன் 1989-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். உற்பத்தி கடலூரிலேயே தொடர்ந்தது. 'சிக் இந்தியா' எனத் தொடங்கிய நிறுவனம் 1990-இல் 'பியூட்டி காஸ்மெடிக்ஸ்' எனவும், 1998-இல் 'கெவின்கேர்' எனவும் பெயர் மாறியது. அழகு என்று பொருள்படும் 'கவின்' என்னும் தமிழ்ச்சொல்லே இப்பெயரின் முற்பகுதி ஆகும். மீரா, நைல், இண்டிகா, சின்னீஸ் ஊறுகாய் முதலியன இந்நிறுவனத்தின் பிற வணிகப் பெயர்கள்.

ஒப்பீடு

கோவை மாவட்டத்தைச் சேர்ந்த ஆ. வேலுமணி பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சுமார் 14 ஆண்டுகள் பணியாற்றியவர். அரசுப் பணியை விட்டு, வருங்கால வைப்பு நிதிப் பணத்தை முதலாக்கி 1996-இல் மும்பையில் தைரோகேர் ஆய்வகத்தைத் தொடங்கினார். இவரது மனைவி சுமதியும் பாரத ஸ்டேட் வங்கிப் பணியை விட்டு உடன் இணைந்தார். தைராய்டு தொடர்பான ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றிருந்த வேலுமணி அத்துறையிலேயே தொழில் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இருவரும் தம் சேமிப்பின் அளவுக்குள் தொடங்கினர்; ஏற்கனவே கற்றறிந்த தொழிலையே மேற்கொண்டனர். எனினும் வென்றவர்களின் வரலாறுகளே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. இதே முறையில் தொடங்கி நின்றுபோன சிறுதொழில்களின் கணக்கு அவற்றில் இடம்பெறுவதில்லை. ஆகவே, வேலையை விட எண்ணுவோர் இவற்றைத் தம் கணக்கைச் சரிபார்க்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமே அன்றி, வெற்றிக்கு உறுதியாகக் கொள்ள இயலாது.

இவற்றையும் பார்க்க

தேனாம்பேட்டை
தொழில் முனைவு
நடைமுறை மூலதனம்