சபாரி: இன்பப் பயணத்தின் எழுதப்படாத ஏடு

1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் மாலை, கென்யா நாட்டின் நியேரி நகரை அடுத்த அபெர்டேர்க் காட்டில், அத்தி மரமொன்றின் மேல் கட்டப்பெற்றிருந்த ‘ட்ரீடாப்ஸ்’ என்னும் விடுதிக்கு இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத் ஏணி வழியே ஏறினார். கீழேயுள்ள குட்டைக்கு நீரருந்த வந்த விலங்குகளைக் கண்டு களித்து அன்றிரவைக் கழித்தார். விடிவதற்குள் அவர் தந்தையார் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இங்கிலாந்தில் காலமாயினார். இளவரசியாக ஏறியவர் அரசியாக இறங்கினார் என்று உலகம் இன்றும் வியந்து பேசுகின்றது.

கதை சுவையுடையதே. ஆயினும் அந்தக் காட்டுக்கு வழி அமைத்தவர் யார்? மூட்டை சுமந்தவர் யார்? அந்த மரம் யாருடைய மண்ணில் நின்றது? இவற்றை வினவாத வரலாறு பாதி வரலாறே என்பது நமது கருத்து.

‘சபாரி’ என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லே அதன் மூலம். நம் தமிழ் முஸ்லிம் சகோதரர் பிழைப்பு நாடிக் கடல் கடத்தலைச் சபர் என்றும், அவ்வாறு சென்றவரைச் சபுராளி என்றும் வழங்குவதை அறிவோம். உழைப்பாளியின் கால்நடைப் பயணத்தைக் குறித்த சொல், செல்வரின் பொழுதுபோக்கைக் குறிக்கும் சொல்லாக மாறியது எங்ஙனம்?

முதலில் இருப்புப்பாதை வந்தது. 1896ஆம் ஆண்டு முதல் 1901ஆம் ஆண்டு வரை, மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை ஆங்கில அரசாங்கம் இரயில் பாதை அமைத்தது. அதன்பொருட்டு இந்தியாவிலிருந்து சற்றேறக்குறைய 32,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர், பெரும்பாலோர் பஞ்சாபியர். அவருள் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். 1898ஆம் ஆண்டு சாவோ ஆற்றுப் பாலத்தருகே இரண்டு சிங்கங்கள் தொழிலாளரைக் கூடாரங்களிலிருந்து இழுத்துச் சென்று தின்றன. அவற்றைச் சுட்ட பொறியாளர் பாட்டர்சன் 1907ஆம் ஆண்டில் எழுதிய நூலில், இந்தியர் 28 பேர் இரையானதாகக் கணக்குக் கூறுகின்றார். இறந்த ஆப்பிரிக்கருக்கோ அரசாங்கத்தில் கணக்கே இல்லை என்றும் அவரே எழுதுகின்றார். அச்சிங்கங்கள் இன்று சிகாகோ நகரத்துக் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கின்றன. இரையானவர் பலருக்குப் பெயரும் இல்லை.

பெயர் எழுதப்படாமல் மாள்வது எத்தகைய கொடுமை என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்று திரும்பாத தோட்டத் தமிழரின் குடும்பங்கள் அதனை நன்கறியும்.

பாதை முடிந்ததும் வேட்டைக்காரர் வந்தனர். 1909ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் இறங்கினார். தோல்களைப் பதப்படுத்த 4 டன் உப்பு, படிப்பதற்குத் தோலட்டையிட்ட நூல்கள், கூடாரங்கள் ஆகிய அனைத்தும் அவருடன் சென்றன. சுமந்தவர் 200 பேருக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர். அக்காலத்தில் சுமைகாரன் ஒருவனுக்கு விதிக்கப்பட்ட பாரம் 60 இராத்தல். ரூஸ்வெல்ட்டும் அவர் புதல்வரும் சுட்ட பெருவிலங்குகள் 512 என்று அவரே இனவாரியாகப் பட்டியலிட்டு வெளியிட்டார். பொருட்காட்சிசாலைக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் அவை சேர்க்கப்பட்டன என்பதை மறுக்கவில்லை. விலங்குக்குக் கிடைத்த கணக்கு மனிதனுக்குக் கிடைக்கவில்லையே என்பதே நமது வருத்தம்.

நிலத்தின் கதையோ இன்னும் கசப்பானது. 1904ஆம் ஆண்டு, இருப்புப்பாதையை ஒட்டிய மேய்ச்சல் நிலங்களை வெள்ளையர்க்கு விட்டு விலகும்படி மசாய் மக்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. மசாய் இனம் உள்ளளவும் அது நிலைக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. நிலைத்ததோ ஏழே ஆண்டுகள். 1911ஆம் ஆண்டு மற்றோர் ஒப்பந்தத்தால் லைக்கிப்பியா மேட்டுநிலத்தினின்றும் அவர்களைத் தெற்கே பெயர்த்தனர். 1913ஆம் ஆண்டு மசாய்கள் நீதிமன்றம் ஏறினர்; வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இந்நிலையில்தான் 1932ஆம் ஆண்டு எரிக் வாக்கர் என்பார், நியேரியில் நடத்திவந்த தமது ஓட்டலின் விருந்தினர்க்கென ட்ரீடாப்ஸ் விடுதியை அமைத்தார். மாலையில் மரமேறி, அரவமின்றி அமர்ந்து, உப்பு மண்ணை நக்க வரும் யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவற்றை இரவு முழுவதும் நோக்குவதே அங்கிருந்த இன்பம். கொல்லாமல் காணும் இவ்வழக்கம் வேட்டையினும் மேலானது. இதனை மகிழ்வுடன் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அத்தி மரம் கிக்குயு மக்களுக்குப் புனிதமானது. அதனடியில் வழிபட்டவர் அவர். அம்மக்கள் வளமிக்க மேட்டுநிலங்களை வெள்ளையரிடம் இழந்து, அங்கேயே கூலிகளாயினர். அரசி இறங்கிய அதே 1952ஆம் ஆண்டில் மாவ் மாவ் கிளர்ச்சி காரணமாக அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு மே மாதம் கிளர்ச்சியாளர் அவ்விடுதியை எரித்துச் சாம்பலாக்கினர். தீ வைத்தலை நாம் போற்றவில்லை. அத்தீயை மூட்டிய ஏக்கம் எது என்பதை உணரவேண்டும் என்கிறோம். 1957ஆம் ஆண்டு விடுதி பெரிதாக மீண்டும் எழுந்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கென்யா விடுதலை பெற்றது.

1977ஆம் ஆண்டு கென்ய அரசாங்கம் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி சென்ற இடத்தில் புகைப்படக் கருவி வந்தது. அதே ஆண்டில், நியேரிப் பகுதியில் பிறந்த வங்காரி மாத்தாய் என்னும் பெண்மணி கிராமப் பெண்களைத் திரட்டி மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். அத்தி மரத்தில் விறகு ஒடிக்கலாகாது என்று தம் அன்னையார் இளமையில் கற்பித்ததை அவர் நூலில் நினைவுகூர்ந்துள்ளார். 2004ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது. மாளிகையில் பிறவாத அவரும் நியேரி மண்ணின் வரலாறே.

யானையைக் காண்பதில் குற்றமில்லை. ஓய்வும் களிப்பும் மனிதர் அனைவர்க்கும் உரியனவே. ஆனால் பார்த்தவனைப் போலவே சுமந்தவனும் பயணம் செய்தவனே. அவனை விட்டு எழுதப்படும் வரலாறு நிறைவுடையதாகாது. இது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரைத்ததன்று. பாதை போட்டும் பால்மரம் சீவியும் வாழ்ந்த நம் முன்னோர்க்கும் பொருந்தும். அவர்தம் பெயர்களைக் கேட்டறிந்து எழுதிவைப்பது நம் கடமை. சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர், காலம் தாழ்த்தலாகாது.