இரைச்சலும் குவாண்டம் நடையும்: ஒரு கருத்தின் வரலாறு

இரைச்சலைப் பௌதிகவியலார் நெடுங்காலம் பகையாகவே கருதிவந்தனர். சூழலின் வெப்பம், அணுக்களின் ஒழுங்கற்ற அசைவு, கருவியின் அதிர்வு யாவும் அச்சொல்லுள் அடங்கும். இவற்றை விலக்குதலே நல்ல பரிசோதனையின் இலக்கணமாயிற்று. அவ்விரைச்சலே, சத்தி ஒரு வலையூடு செல்லுதற்குத் துணையாகவும் கூடும் என்னும் கருத்து தோன்றிய வரலாற்றை நோக்குவது இக்கட்டுரை. சமன்பாடுகளை அறிவியற்பீடத்தாரிடம் விட்டுவிட்டு, அவை எழுந்த வரன்முறையை ஆராய்தல் கலைப்பீட மாணவனுக்கும் இயல்வதே.

1905 யூலையில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் கார்ல் பியர்சன் 'நேச்சர்' இதழில் ஒரு வினாவை எழுப்பினார். ஒருவன் குறித்த தூரம் நேரே நடந்து, எழுந்தவாறு ஒரு திசையில் திரும்பி, மீண்டும் அவ்வளவு தூரம் நடக்கின்றான். இவ்வாறு பன்முறை நடந்தபின் அவன் எங்கே காணப்படுவான்? விடையளித்தவர் ரேலி பிரபு. இத்தகைய எழுமாற்று நடையில் தூரம் அடிகளின் வர்க்கமூலத்தின்படியே வளரும். நூறு அடி வைத்தவன் புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழப் பத்து அடித் தொலைவிலேயே நிற்பான்.

1993 இல் அகரனோவ், டேவிடோவிச், சகூரி ஆகிய மூவரும் இந்நடையைக் குவாண்டம் பொறிமுறைக்குள் கொணர்ந்தனர். அங்கு நடப்பது ஓர் அலை. அது பல வழிகளிலும் ஒருங்கே செல்லும். ஒழுங்கான வலையிலே அதன் பரவல் அடிகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதசமமாக வளரும். ஆயின் வலை ஒழுங்கற்றதாயின் நிலை வேறு. இதனை 1958 இலேயே பெல் ஆய்வுகூடத்துப் பிலிப் அன்டர்சன் காட்டியிருந்தார். சத்தி இடத்துக்கிடம் வேறுபடும் சாலகத்திலே அலைகள் ஒன்றிலொன்று தலையிட்டு அழிவதால், துணிக்கை புறப்பட்ட இடத்தருகே சிறைப்பட்டுவிடும். தள்ளாடி நடக்கும் குடிகாரன்கூட என்றோ ஒருநாள் தெருவைக் கடப்பான். அலையோ அகப்பட்ட இடத்திலேயே கிடக்கும். பின்வந்த யாவற்றுக்கும் இம்முரணே வித்து என்பது என் கருத்து.

பலரும் இவ்வரலாற்றை 2007 இலிருந்து தொடங்குவர். அவ்வாண்டு பேர்க்ளியில் பிளெமிங் குழுவினர் பச்சைக் கந்தகப் பற்றீரியாவின் புரதமொன்றை 77 கெல்வினுக்குக் குளிர்வித்து ஆராய்ந்தனர். பென்னா, மத்தியூஸ் ஆகியோர் 1975 இல் அமைப்பை வெளியிட்ட அப்புரதம், ஒளிச்சத்தியைத் தாக்க மையத்துக்குக் கடத்தும் பாலமாகும். அதில் 660 பெம்ரோசெக்கன் நீடித்த அலைவுகள் தோன்றின. (செக்கனைப் பத்துக்கோடி கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு கூறே பெம்ரோசெக்கன்.) சத்தி அலையாகப் பரந்து சிறந்த வழியைத் தேர்கின்றது என அவர்கள் விளக்கினர்.

மறு ஆண்டில் மொஹ்சேனி, றெபன்ரொஸ்ற், லோயிட், அஸ்புறு-குசிக் ஆகியோரும், தனியே பிளீனியோ, ஹுவெல்கா ஆகியோரும் வேறொன்றைக் கணித்தனர். அளவான இரைச்சல் சிறைப்படுத்தும் தலையீட்டைக் குலைக்கும். வேறுபட்டு நிற்கும் சத்தி மட்டங்களைக் கணப்பொழுது நெருங்கச் செய்யும். அதனால் அலை விடுபட்டுச் செல்லும். இரைச்சல் மிகின் இயக்கம் மீண்டும் உறையும். இவ்வுறைவு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற சுதர்சன் மிஸ்ராவுடன் இணைந்து 1977 இல் 'சீனோவின் முரண்' எனப் பெயரிட்ட விளைவை ஒத்தது.

2007 இன் விளக்கம் நிலைக்கவில்லை. 2017 இல் வெளிவந்த ஆய்வொன்று, சாதாரண வெப்பநிலையில் அவ்வலைத்தன்மை ஏறக்குறைய 60 பெம்ரோசெக்கனுள் அழியும் என்றது. நீடித்த அலைவுகள் பெரிதும் மூலக்கூறுகளின் அதிர்வுகளே என 2020 இல் ஆய்வாளர் பலர் கூடி எழுதிய மதிப்பீடும் முடிவுசெய்தது. அப்படியாயின் இரைச்சற் கருத்தும் உடன்விழுந்திருக்க வேண்டுமன்றோ? விழவில்லை. அதன் வேர் பற்றீரியாவில் இல்லை. கென்டன், ட்ரெஜென்னா இருவரும் குவாண்டம் நடையில் அலைத்தன்மை சிறிது குலைதல் பயன்தரக்கூடும் என்று 2003 இலேயே எழுதியிருந்தனர். அப்போது அவர்கள் முன் எந்தப் புரதமும் இருக்கவில்லை.

உயிரிகளை விட்டு, 2019 இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் ஆய்வாளர் பொறியிலகப்படுத்திய பத்து அயன்களைச் சங்கிலியாக நிறுத்தி, வேண்டிய அளவு இரைச்சலைத் தாமே ஊட்டிப் பார்த்தனர். இரைச்சல் குன்றியபோது அன்டர்சனின் சிறை தோன்றியது. கூடியபோது சத்தி கடந்து சென்றது. மேலும் கூடியபோது சீனோவின் உறைவு வந்தது.