கடற்கரைச் சட்டத்தை யார் போட்டது? - ஒரு நாடாளுமன்றக் குழுவின் கதை

இந்தத் தடவை கணக்குப் பதிவியல் இல்லை, கொஞ்சம் வரலாறு. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் நல்லவாடு. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் தவளக்குப்பத்தில் இறங்கிக் கிழக்கே போனால் கடல் வரும். அதுதான் எங்கள் ஊர். சில மாதங்களுக்கு முன் பெரியப்பா வீட்டில் ஒரு அறை கூடுதலாகக் கட்ட நினைத்தார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீடு கடலிலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, "அது சி.ஆர்.இசட். ஏரியா, கட்டக்கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பெரியப்பா வீட்டுக்கு வந்ததும் என்னைக் கேட்டார். "ஏம்மா, நீ காலேஜ்ல படிக்கிறியே, இந்தச் சட்டத்த யாரு போட்டது? பார்லிமெண்டா?"

"ஆமாம் பெரியப்பா, பார்லிமெண்ட்தான்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து தேடிப் படித்தால், நான் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

26 பிரிவுகள் கொண்ட சட்டம்

1984 டிசம்பர் 2 இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு 1986 மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றியதுதான் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். அதே ஆண்டு நவம்பர் 19-ல் அமலுக்கு வந்தது.

இது ரொம்பச் சின்ன சட்டம். மொத்தமே 26 பிரிவுகள். நம் பாடத்தில் வரும் 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் 470 பிரிவுகள் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஆனால் இதன் 3-வது பிரிவு பெரியது. சுற்றுச்சூழலைக் காக்கத் தேவை என்று கருதும் எல்லா நடவடிக்கைகளையும் மத்திய அரசு எடுக்கலாம் என்கிறது அது. அதாவது விவரங்களை எழுதும் வேலை அமைச்சகத்தின் கையில்.

அந்த அதிகாரத்தை வைத்து 1991 பிப்ரவரி 19-ல் அமைச்சகம் வெளியிட்டதுதான் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. பெரியப்பாவிடம் அந்த அலுவலர் சொன்ன சி.ஆர்.இசட். இதுதான். இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1981-லேயே பிரதமர் இந்திரா காந்தி, அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் காக்க வேண்டும் என்று கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தில் இருந்த 500 மீட்டர் பத்து வருடம் கழித்து அறிவிக்கையில் வந்தது. ஊர்ப்புறக் கடற்கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், பெரிதாக்கக் கூடாது.

ஆக, 1986 சட்டம் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு வந்தது. பெரியப்பா வீட்டைத் தொடும் அந்த 200 மீட்டர் அப்படி வரவில்லை. அரசிதழில்தான் வந்தது. அதன் பிறகு சுமார் 25 தடவை திருத்தப்பட்டது. அந்தத் திருத்தங்களும் அரசிதழ் வழியாகத்தான்.

குழு என்றால் என்ன?

இங்கே நிலைக்குழு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1986-ல் இன்றைக்கு இருப்பது போன்ற துறைவாரி நிலைக்குழுக்களே கிடையாது. 1989-ல் சோதனையாக மூன்று குழுக்கள் அமைத்தார்கள். விவசாயம், அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் மற்றும் வனம். முதல் மூன்றிலேயே சுற்றுச்சூழலுக்கு இடம் கிடைத்தது எனக்கு ஆச்சரியம். 1993-ல் எல்லாத் துறைகளுக்குமாக 17 குழுக்கள் வந்தன. 2004-ல் அது 24 ஆனது.

ஒவ்வொரு குழுவிலும் 31 பேர். மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. பல கட்சிகளும் இருக்கும். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. ஒரு மசோதா குழுவுக்கு வந்தால், முதலில் பத்திரிகைகளில் அறிவிப்பு கொடுத்து மக்களிடம் கருத்து கேட்பார்கள். துறைச் செயலாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். நிபுணர்கள், பாதிக்கப்படுகிறவர்கள், மாநில அரசுகள் என்று பலரிடம் சாட்சியம் வாங்குவார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவாகப் படித்து அறிக்கை தயாரிப்பார்கள். ஒத்துக்கொள்ளாத உறுப்பினர் தன் மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் அறிக்கையிலேயே சேர்க்கப்படும்.

ஆனால் முக்கியமான விஷயம் ஒன்று. நிலைக்குழு தானாக எதையும் திருத்திவிட முடியாது. அது சொல்வது யோசனைதான், அரசு கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொரு வகை கூட்டுக்குழு. ஒரு குறிப்பிட்ட மசோதாவுக்காக மட்டும் இரு அவைகளும் சேர்ந்து அமைப்பது. அது மசோதாவைத் திருத்தியே திருப்பித் தர முடியும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

சுனாமியும் சுவாமிநாதனும்

2004 ஜூலையில் கடலோர அறிவிக்கையை மறுபரிசீலனை செய்ய எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைச்சகம் அமைத்தது. அறிக்கை வந்தது 2005 பிப்ரவரியில். இரண்டுக்கும் நடுவில் டிசம்பர் 26.

அன்றைக்கு எங்கள் ஊரில் நடந்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் கொண்ட ஊர், எல்லோரும் ஓடித் தப்பித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை. அந்தத் தகவல் மையத்தை அமைத்தது சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். அந்தச் சமயத்தில் அதே சுவாமிநாதனின் குழுவில்தான் எங்கள் கடற்கரைச் சட்டமும் இருந்திருக்கிறது. ஊரில் நான் கேட்ட யாருக்கும் இது தெரியவில்லை.

அந்த அறிக்கையின் அடிப்படையில் என்று சொல்லி 2008-ல் அமைச்சகம் ஒரு புதிய வரைவை வெளியிட்டது. பெயர் கடலோர மேலாண்மை மண்டலம். "ஒழுங்குமுறை" போய் "மேலாண்மை" வந்துவிட்டது! எல்லோருக்கும் ஒரே தூரம் என்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு கடற்கரையும் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று பார்த்து ஒரு கோடு போடுவார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனவர்களுக்குப் பயம் வந்தது. நமக்கு இருக்கிற கொஞ்சப் பாதுகாப்பும் போய், துறைமுகமும் ஓட்டலும் வந்து உட்கார்ந்தால் படகை எங்கே இழுத்து வைப்பது, வலையை எங்கே காயவைப்பது என்று கேட்டார்கள். 2008 மே, ஜூன் மாதங்களில் தேசிய மீன்தொழிலாளர் பேரவை குஜராத்தின் ஜக்காவிலிருந்து கொல்கத்தா வரை கடற்கரை நெடுகப் பிரசாரப் பயணம் போனது.

குழு உள்ளே வருகிறது

சட்டப்படி பார்த்தால் இதில் நாடாளுமன்றத்துக்கு வேலையே இல்லை. மசோதா இல்லையே, அறிவிக்கைதானே! ஆனால் நிலைக்குழு ஒரு விஷயத்தைத் தானாக எடுத்துக்கொண்டும் ஆராயலாம். அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனம் ஆகியவற்றுக்கான நிலைக்குழு இந்த வரைவைக் கையில் எடுத்தது. அப்போது அதன் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த அ.தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினர் வா.மைத்ரேயன். மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி, குழுத்தலைவர் எதிர்க்கட்சிக்காரர்.

2009 மார்ச்சில் குழு தன் 194-வது அறிக்கையைக் கொடுத்தது. சாரம் இதுதான்: அவசரப்படாதீர்கள், கடலோர மக்களின் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லுங்கள், முரண்பாடுகள் தீரும் வரை இந்த அறிவிக்கையை நிறுத்தி வையுங்கள்.

அரசு இதைக் கேட்டே ஆக வேண்டியதில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் பல கட்சி உறுப்பினர்களும் இருக்கும் ஒரு குழு "நிறுத்து" என்று எழுத்தில் சொன்ன பிறகு அதைத் தாண்டிப் போவது சுலபமில்லை. தேர்தல் முடிந்து ஜெய்ராம் ரமேஷ் அமைச்சரானார். 2009 ஜூனில் மறுபடியும் சுவாமிநாதன் தலைமையிலேயே நான்கு பேர் குழு. ஜூலை 16-ல் அவர்களும் அந்த வரைவைக் காலாவதியாக விட்டுவிடலாம் என்றார்கள். ஓராண்டுக்குள் இறுதி செய்யாததால் ஜூலை 22-ல் அது காலாவதியானது.

மீனவர் ஊர்வலம் மட்டும் போதுமாக இருந்ததா, குழு மட்டும் போதுமாக இருந்ததா என்றால், இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கருத்து. ஊர்வலத்தில் கத்தியது காற்றோடு போயிருக்கலாம். குழு அறிக்கையில் ஏறியதும் அது அரசு ஆவணம் ஆகிவிட்டது.

பிறகு 2011 ஜனவரி 6-ல் புதிய அறிவிக்கை. அதில் பாரம்பரிய மீனவர்கள் 100 முதல் 200 மீட்டருக்குள் வீடு கட்டிக்கொள்ள வழி வந்தது. அடுத்தது 2019 ஜனவரியில் அரசிதழில் வந்த அறிவிக்கை. அதன்படி 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறப் பகுதியில் தடைப் பகுதி 50 மீட்டர்தான், மற்ற ஊர்களில் 200 மீட்டர். அந்தந்தப் பகுதியின் வரைபடத்துக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் அது அங்கே நடைமுறைக்கு வரும். அதே அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களையும் அனுமதிக்கிறது. பெரியப்பாவின் அறை எந்தக் கணக்கில் வரும் என்பது இப்படி ஒரு வரைபடத்தைப் பொறுத்தது.

2019 அறிவிக்கைக்கு முன்னாலும் ஒரு குழு இருந்தது. 2014-ல் அமைக்கப்பட்ட சைலேஷ் நாயக் குழு. ஆனால் அது அமைச்சகம் அமைத்த குழு. 2015 ஜனவரியில் கொடுத்த அறிக்கை, 2016-ல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் வெளியே வந்தது. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்படும், யாரும் படிக்கலாம். வித்தியாசம் புரிகிறதா?

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு செய்தி

1986 சட்டத்தின் தண்டனைப் பிரிவு எப்படித் திருத்தப்பட்டது தெரியுமா? முன்பு மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 டிசம்பரில் மக்கள் நம்பிக்கை மசோதா (ஜன் விஸ்வாஸ்) வந்தது. கொண்டு வந்தவர் சுற்றுச்சூழல் அமைச்சர் இல்லை, வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல். தொழில் செய்வதை எளிதாக்க 42 சட்டங்களில் 183 பிரிவுகளை ஒரே மூச்சில் மாற்றும் மசோதா. அதில் ஒன்று இந்தச் சட்டம். போனது சுற்றுச்சூழல் நிலைக்குழுவுக்கு இல்லை, பி.பி.சௌத்ரி தலைமையிலான கூட்டுக்குழுவுக்கு. 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. இப்போது சிறைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை பணம். அதைக் கட்டாமல் விட்டால்தான் சிறை.

அதே 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் நிலைக்குழுவுக்குப் போகாமல் தனிக் கூட்டுக்குழுவுக்குப் போனது. திருத்தும் அதிகாரம் இருந்தும் அந்தக் குழு ஒரு மாற்றமும் செய்யாமல் திருப்பித் தந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தார்கள்.

அதிகாரம் குறைந்த நிலைக்குழு 2009-ல் ஒரு அறிவிக்கையை நிறுத்த உதவியது. அதிகாரம் கூடுதலான கூட்டுக்குழு 2023-ல் ஒரு வரியையும் மாற்றவில்லை. ஆக, குழுவுக்குச் சட்டத்தில் என்ன அதிகாரம் என்பதை விட, அது யாரைக் கூப்பிட்டுக் கேட்கிறது, அவர்கள் சொன்னதை எழுதுகிறதா என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன ஞாயிறு பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். வலை பின்னிக்கொண்டே கேட்டார். கடைசியில், "சரி, நம்ம கிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றார்.

"2008-ல ஒரு தடவ, நம்ம மாதிரி ஆளுங்க போட்ட சத்தத்துல, கேட்டாங்க பெரியப்பா. அதுக்கப்புறம் கேட்ட மாதிரி தெரியல."

"அடுத்த தடவ கேட்டா சொல்லும்மா, எழுதிக் குடுக்கலாம்" என்றார்.

குழு அறிவிப்பு வந்தால் கருத்து அனுப்பப் பெரும்பாலும் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள். நான் இனிமேல் கவனித்துக்கொண்டிருப்பேன். கடலோரத்தில் இருக்கும் நண்பர்களே, நீங்களும் பாருங்கள். பதிவில் தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.